இரண்டாவது கரண்டி

கல்யாணப் பந்தியில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு வயிறு நிறையாது. அவளுக்கும் நிறையாது. முதலில் போட்ட சோற்றைச் சாப்பிட்டு முடித்ததும் அவள் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, இலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். பரிமாறுகிறவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள். எதிர் வரிசையில் ஆளாளுக்குக் கத்துவார்கள். "தம்பி, இங்க சோறு!" "யோவ், சாம்பார் எங்கய்யா? போனவன் அப்படியே போயிட்டானா?" வாளி கத்துகிற பக்கம்தான் போகும். எனக்கும் கூப்பிட வராது. சின்ன வயதிலிருந்தே நான் கூச்சக்காரன். ரசத்துக்குச் சோறு இல்லாமல் இரண்டு பேரும் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவோம்.

சாலவாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பரோட்டா சாப்பிட்டோம். மொய் வைத்துவிட்டு வந்து ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள் நாங்களாகத்தான் இருப்போம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அவங்க பாக்கலைங்க. பாத்திருந்தா போட்டிருப்பாங்க" என்றாள்.

இந்தப் பதிலை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பந்தியில் மட்டுமல்ல. ரேஷன் கடையில், பஞ்சாயத்து ஆபீசில், கம்பெனியில், எங்கே எது கிடைக்காமல் போனாலும் அவள் சொல்வது இதுதான். அவங்க பாக்கலை. பாத்திருந்தா கொடுத்திருப்பாங்க.

இது அவள் படித்த பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடம் அது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அங்கேயே ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்று பங்குச் சாமியார் சொல்லி அந்த இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்துக் காலனிகளில் அப்போது ஒரு பெண் பிள்ளைக்கு அப்படி இடம் கிடைப்பது பெரிய விஷயம். அவள் பெட்டியோடு பஸ் ஏறியதைத் தெருவே வந்து நின்று பார்த்ததாம்.

அந்த ஹாஸ்டலின் சாப்பாட்டு ஹாலைப் பற்றி அவள் நிறையச் சொல்லியிருக்கிறாள். பாடம், பரீட்சை எல்லாம் மறந்துவிட்டது. சாப்பாட்டு ஹால் மறக்கவில்லை. நீளமான ஹால். மணி அடித்ததும் எல்லோரும் நின்று ஜெபம் சொல்லி உட்கார வேண்டும். பேசக் கூடாது. முதல் கரண்டி எல்லோருக்கும் உண்டு. இரண்டாவது கரண்டிக்கு ஒரு முறை இருந்தது. சாப்பிட்டு முடித்த பிள்ளை தட்டைத் தொடக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது, பரிமாறுகிற அக்காவைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. இடது கையை மடியில் வைத்து நேராக உட்கார வேண்டும். வரிசைக்கு நடுவில் ஒரு சிஸ்டர் நடந்துகொண்டே இருப்பார். எந்தப் பிள்ளைக்கு இன்னும் பசிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, பரிமாறுகிற அக்காவுக்கு விரலைக் காட்டுவார். வாய் திறந்து கேட்ட பிள்ளைக்குக் கடைசியில்தான் போடுவார்கள். கடைசியில் பெரும்பாலும் அண்டாவில் ஒன்றும் இருக்காது.

"கேக்க வேண்டாம். உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்று அந்த சிஸ்டர் சொல்வாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு முதலில் கோபம் வந்தது. பசித்த பிள்ளைகளிடம் இது என்ன விளையாட்டு என்று கேட்டேன். அவள் பதறிவிட்டாள். "சீச்சீ, அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு ஒரு நாள்கூட விட்டுப்போனது இல்ல. காய்ச்சல்ல நான் சரியா சாப்பிடலன்னா அதையும் பாத்து, ராத்திரிக்குக் கஞ்சி கொடுத்து அனுப்புவாங்க. எங்க அம்மாவுக்குக்கூட என்னை அவ்வளவு தெரியாது" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த சிஸ்டர் கெட்டவராக இருந்திருந்தால் என் மனைவி தப்பித்திருப்பாள். அவர் உண்மையிலேயே பார்த்தார். அத்தனை பிள்ளைகளில் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். வெளியே வந்த பிறகும் இவள், வரிசைக்கு நடுவில் யாரோ நடந்துகொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்து உட்கார்ந்திருக்கிறாள். வெளியே அப்படி யாரும் நடப்பதில்லை என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் படித்தது எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடம். ஐந்தாவது வரை. அங்கே சத்துணவுக்கு மணி அடிப்பதற்கு முன்பே தட்டுகள் அடிக்கத் தொடங்கிவிடும். "ஆயா, எனக்கு! ஆயா, இன்னொரு கரண்டி! ஆயா, அவனுக்கு மட்டும் ரொம்ப கீது!" என்று கூரை அதிரும். சோறு ஆக்கிப் போடுகிற ஆயாவும் சளைக்க மாட்டார். "டேய், உங்க அப்பன் வூட்டு அண்டாவாடா இது? குந்துடா!" என்பார். திட்டிக்கொண்டே போடுவார். நான் கத்த மாட்டேன். ஆனால் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் எனக்கும் சேர்த்துக் கத்துவான். "ஆயா, இவனுக்கும் போடு, இவன் ஊமை!" என்பான். அதனால் என் தட்டு காலியாக இருந்ததில்லை. அந்தப் பள்ளிக்கூடம் எனக்குப் பெரிதாக எதையும் கற்றுக்கொடுத்துவிடவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தது, கையெழுத்தை ஒழுங்காக்கியது, அவ்வளவுதான். ஆனால் பேச வராதவனுக்காக யாராவது கத்த வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பன்னிரண்டாவது முடித்தவள் ஐந்தாவது படித்தவனுக்கு எப்படி மனைவியானாள் என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். அதுவும் காத்திருந்ததால்தான். பரீட்சை முடிந்து பெட்டியோடு கிளம்பும்போது சிஸ்டர்கள் அவள் தலையில் கை வைத்து, "நீ நல்ல பிள்ளை. டீச்சர் டிரெய்னிங்குக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணலாம், பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவள் வீட்டில் காத்திருந்தாள். ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வா என்று அவள் அம்மா சொன்னதற்கு, "பாக்கலாம்னு சொல்லியிருக்காங்கம்மா. போய்க் கேட்டா அவங்கள நம்பாத மாதிரி ஆயிடும்" என்றாளாம். அந்த வருடம் போனது, அடுத்த வருடமும் போனது. அவள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. எங்கள் வீட்டில் பெண் கேட்டோம், கொடுத்துவிட்டார்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம் இல்லை. அதையும் அவள் அப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டு வீடாவது இருக்கிறதே என்று பார்த்தார். நான் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். கூரை போடப் பலகை அடிப்பேன், கம்பி கட்டுவேன். பெண் பார்க்கப் போனபோது அவள் பேசிய தமிழைக் கேட்டு என் அம்மா, "இன்னாடா இது, ரேடியோ பொட்டி மாதிரி பேசுது" என்று என் காதில் சொன்னாள்.

தெருவில் அவளுக்கு 'சிஸ்டரம்மா' என்று பேர் வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் சண்டை நடக்கும்போது இவள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். குடம் பின்னால் பின்னால் போகும். "சிஸ்டரம்மா, வேண்டிக்கினு இருங்க, சாமி வந்து ரொப்பும்" என்று பெண்கள் சிரிப்பார்கள். இவளும் கூடச் சிரிப்பாள். கடைசியில் தண்ணீர் நின்ற பிறகு வெறுங்குடத்தோடு வருவாள்.

ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு நல்ல பேர். விடிவதற்கு முன்பு கம்பெனி பஸ் வரும், ஒரு நாளும் தவற விட்டதில்லை. தையல் சுத்தமாக இருக்கும். லீவு கேட்க மாட்டாள், பாத்ரூம் போகக்கூடக் கேட்க மாட்டாள், மற்றவர்கள் போகும்போதுதான் போவாள். சூப்பர்வைசர் எல்லோருக்கும் இவளைக் காட்டி, "இந்தக்கா மாதிரி இருங்க" என்பாராம். இவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள், இவளிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள், லைன் லீடர் ஆகிப் போனார்கள். இவள் இன்னும் அதே மிஷினில் இருக்கிறாள். ஏன் என்று நான் ஒரு தடவை கேட்டேன். பதில் உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். கூலி கொஞ்சம் குறைந்தால் குறையட்டும், குடத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் நான் போய்ப் பம்ப்செட்டில் எடுத்து வருகிறேன். ஆனால் எங்கள் முதல் குழந்தையை என்னால் அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். என் அம்மா அன்று ஊரில் இல்லை, ஆண்களை உள்ளே விடவில்லை. நான் வேப்ப மரத்தடியில் நின்றேன். வார்டிலிருந்து அலறல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அலறலுக்கும் இது அவளா என்று பார்ப்பேன். அவள் குரல் இல்லை. இன்னொரு பெண்ணுக்குத் துணைக்கு இருந்த அம்மாள் வெளியே வந்து, "உன் பொஞ்சாதியா? அது கம்முனு படுத்துக்கினு கீதுப்பா. இன்னும் நேரமாவும் போல கீது. நீ போயி நாஷ்டா துன்னுட்டு வா" என்றார். நான் போய் இட்லி சாப்பிட்டேன்.

உள்ளே இருந்த எல்லோருமே அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். கத்துகிறவர்களுக்கு நடுவில் சத்தம் போடாத ஒருத்திக்கு வலி வரவில்லை என்று யாருக்கும் தோன்றும். நர்ஸ் ஒரே ஆள். கத்துகிற பக்கம் ஓடினார். இவள் பக்கம் வந்தபோது குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. ஆண் குழந்தை. அழவே இல்லை. வெளியே வந்த நர்ஸ் என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டே அழுதார். "இன்னா பொண்ணுய்யா அது? ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடியாந்திருப்பேனே! வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தா?"

கத்தியிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா? தெரியாது. டாக்டரும் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை. வீட்டுக்கு வந்து பல நாள் கழித்து அவளே சொன்னாள்.

"அந்த நர்ஸ் என் கட்டிலைத் தாண்டித் தாண்டிப் போனாங்க. என் முகத்தையும் பாத்தாங்க. தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பல வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். இரண்டாவது பிரசவத்தில் என் அம்மா எப்படியோ சண்டை போட்டு வார்டுக்குள் போய் நின்றுகொண்டாள். இவளுக்குப் பதிலாக அவள்தான் கத்தினாள். எந்தப் பெண்ணுக்கு வலி என்றே தெரியாமல் நர்ஸ்கள் ஓடி வந்தார்களாம்.

மகள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்தாள். நான் தட்டோடு உட்கார்ந்த அதே இடம்தான், இப்போது தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். அவள் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். மனைவி 'அப்பா' என்று திருத்துவாள். வூடு என்றால் 'வீடு' என்று திருத்துவாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, தட்டு காலியானதும் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்துவிடுவாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது. மனைவி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறு போடுவாள். இரண்டு பேருக்கும் அது ஒரு அன்பான விளையாட்டு மாதிரி இருக்கும். "கேட்டு வாங்கித் தின்னு கண்ணு" என்று நான் சொல்வேன். "அம்மாவுக்குத் தெரியும் நைனா" என்பாள்.

பெண் ஐந்தாவது முடிக்கப் போகிறாள் என்றதும் மனைவி அந்தப் பேச்சை எடுத்தாள். ஆறாவதுக்கு அவள் படித்த பள்ளிக்கூடம்தான். அவளுக்குக் கிடைக்காத டீச்சர் வேலை பெண்ணுக்குக் கிடைக்கும். கம்பெனி பஸ் ஏற வேண்டியதில்லை. வேறெதையும் அவள் என்னிடம் கேட்டதே இல்லை. ஒரு புடவைகூடக் கேட்டதில்லை. இதைக் கேட்டாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எனக்கு உள்ளே ஒரே குழப்பம். இன்னொருத்தியையும் அந்த ஹாலில் உட்கார வைப்பதா என்று ஒரு பக்கம். இல்லாவிட்டால் என்ன, என்னைப் போல வெயிலில் கம்பி கட்டுவதா என்று இன்னொரு பக்கம். கடைசியில் பெண் படிக்கட்டும் என்றே மனது நின்றது. அவளுக்கு அங்கே இடம் கிடைக்க வேண்டும் என்று நானும் ஆசைப்படத் தொடங்கிவிட்டேன்.

ஏப்ரல் மாதம் மூன்று பேரும் போனோம். இரண்டு பஸ் மாற வேண்டும். பள்ளிக்கூடம் மாறிப்போயிருந்தது. பெரிய கேட், வரிசையாக மஞ்சள் பஸ்கள், இங்கிலீஷ் போர்டு. ஏழைப் பிள்ளைகளுக்கான ஹாஸ்டல் பின்பக்கம் சின்னதாக ஒதுங்கியிருந்தது. அதில் கொஞ்சம் இடம்தான் உண்டு என்று ஜன்னலில் இருந்த கிளார்க் சொன்னார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தவர், "அம்மா இங்க படிச்சவங்களா? அப்படின்னா ஹெட் சிஸ்டர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா. பழைய பிள்ளைங்கன்னா பாப்பாங்க" என்றார். அந்த மனிதர் நல்லவர். என்ன செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். ஹெட் சிஸ்டர் அறை வாசலில் ஒரே கூட்டம். ஒருவர் கட்சிக்காரரை அழைத்து வந்திருந்தார். ஒரு அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டி எட்டிப் பேசினார். என் மனைவி பெஞ்சின் ஓரத்தில் முதுகை நிமிர்த்தி, இடது கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெண்ணும் அப்படியே. மதியம் தாண்டி ஹெட் சிஸ்டர் வெளியே வந்தார். வயதாகியிருந்தது, கையில் ஊன்றுகோல். என் மனைவி எழுந்து நின்ற வேகத்தைப் பார்த்து யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு ஹாலில் நடந்தவர் அவர்தான்.

அவர் நின்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, நம்ம பிள்ளை! சாப்பாட்டு ஹால்ல மெழுகுவத்தி மாதிரி நேரா உக்காருவியே! நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன் சிஸ்டர்."

"இது உன் மகளா? என்ன படிக்கிறா?"

"அஞ்சாவது முடிச்சிருக்கா சிஸ்டர்."

"அப்படியா. நல்லா படிக்க வை."

அங்கே ஒரு இடைவெளி இருந்தது. ஒரு வார்த்தை போடுகிற அளவுக்கு. நான் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை பேசியிருப்பேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அதற்குள் கட்சிக்காரர் குறுக்கே வந்து வணக்கம் வைத்தார். சிஸ்டர் பெண்ணின் கன்னத்தைத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏன் சொல்லல?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"எதுக்குச் சொல்லணும்? பாத்தாங்களே! எத்தனை வருஷம் கழிச்சும் என்னை அடையாளம் தெரிஞ்சுதே!" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் பெண்ணுக்குப் பெட்டி என்ன நிறத்தில் வாங்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள்.

இடம் கிடைத்தால் போன் வரும் என்று கிளார்க் சொல்லியிருந்தார். கம்பெனியில் போன் வைத்திருக்க விட மாட்டார்கள். அதனால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். நான் சாரத்தின் மேல் நின்று கம்பி கட்டும்போதெல்லாம் இடுப்பில் போன் இருக்கும். மணி அடித்தால் கம்பியை அப்படியே விட்டுவிட்டு எடுப்பேன். "சார், பர்சனல் லோன் வேணுமா சார்?" என்று ஒரு பெண் கேட்பாள். கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். "இன்னாபா, கலெக்டர் போனா?" ஒரு நாள் நானே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "நீங்க போனா எல்லாம் கெட்டுடும்" என்றாள். போகவில்லை.

ஜூன் பிறக்கும் சமயத்தில் உத்திரமேரூர் பஜாரில் அவளோடு ஹாஸ்டலில் படித்த ஒருத்தியைப் பார்த்தோம். காவாந்தண்டலம் பக்கத்தில் வாக்கப்பட்டவள். என் மனைவியைப் போலவே ஏழை வீடு. ஒரு கையில் புது டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பக்கெட். ஹாலில் எப்போதும் வாய் திறந்து கேட்டுக் கடைசியில் சோறு வாங்குகிற ஒருத்தியைப் பற்றி என் மனைவி கதை சொல்லியிருக்கிறாள், அவள்தான் இவள்.

"ஏய், எப்டிடீ கீற?" என்று நடுத்தெருவில் கட்டிக்கொண்டாள். "என் பொண்ணுக்கு நம்ம ஸ்கூல்லயே சீட்டு குடுத்துட்டாங்கடீ! ஆறாவது, ஹாஸ்டல்!"

"எப்படி?" என்று நான்தான் கேட்டேன்.

"எப்டியா? தெனம் போயி வாசல்லயே குந்திக்கினேன்ண்ணா. சிஸ்டர் கண்டபடி திட்னாங்க. 'நீ மாறவே மாட்டியாடி'ன்னாங்க. மாற மாட்டேன் சிஸ்டர், சீட்டக் குடுங்க, நான் போறேன்னேன். பேஜார் தாங்க முடியாம குடுத்துட்டாங்க." சிரித்தவள், என் மனைவி முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "நீ வந்துட்டுப் போனேன்னு சிஸ்டரே சொன்னாங்கடீ. உன் பொண்ணுக்கும் குடுங்க சிஸ்டர்னு நான் கேட்டேன். 'அவ ஒண்ணும் கேக்கலையே. சும்மா பாக்க வந்தான்னு நெனச்சேன்'ன்னாங்க. நீ ஏன்டீ கேக்கல? இப்ப எல்லாம் முடிஞ்சிப்போச்சி. கடைசி சீட்டும் போன வாரமே போயிட்ச்சி."

பஜாரில் யாரோ ஹாரன் அடித்தார்கள். நாங்கள் ஓரமாக நகர்ந்தோம். அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, "போன் பண்றேன்டீ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஷேர் ஆட்டோவில் ஏறி, ஏரிக்கரை தாண்டும்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள்.

"சிஸ்டருக்கு வயசாயிடுச்சுங்க. கண்ணு முன்ன மாதிரி இல்ல போல."

வழியில் ஆட்டோ நின்று இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டது.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள். "அவளைப் பாத்தீங்களா? இந்த வயசிலும் கேட்டு வாங்குறா. பாவம். சிஸ்டருக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது."

சீட்டு அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல நினைத்தேன். அந்தப் பெட்டி, அந்தப் பக்கெட், எல்லாம் அவளுடையது. பாவம் யார் என்று கேட்க நினைத்தேன். ஆட்டோவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்கு இப்படித்தான் எப்போதும் வேறு ஆட்கள் இருப்பார்கள்.

அந்த சிஸ்டரைப் பற்றி நான் இன்றும் யோசிப்பேன். கேட்காதே என்று சொல்லிச் சொல்லி ஏழு வருடம் வளர்த்தவர், அவள் ஒண்ணும் கேக்கலையே என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லவில்லை, வஞ்சகமும் இல்லை. அவருக்கு அந்த ஹால் எப்போதோ முடிந்துபோன விஷயம். இப்போது அவர் முன்னால் கத்துகிற கூட்டம் நிற்கிறது, அவர் கத்துகிற பக்கம் போகிறார், கல்யாண வீட்டு வாளி மாதிரி. தான் வளர்த்த பிள்ளை ஒருத்தி இன்னும் அதே இடத்தில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்கு யார் சொல்வது? அங்கே படித்து டாக்டரானவர்கள், டீச்சரானவர்கள் உண்டு. விழா நாளில் மேடையில் உட்கார வைக்கிறார்களாம். பள்ளிக்கூடத்துக்கு அவர்கள்தான் கண்ணுக்குத் தெரிவார்கள்.

பெண்ணை நாலு மைல் தள்ளி இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். டவுன் பஸ்ஸில் போய் வர வேண்டும். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "அங்கயும் முட்டை போட்றாங்களாம் நைனா" என்று சந்தோஷமாகப் போனாள்.

முதல் நாள் சாயங்காலம் வந்து பையை வைத்ததும் சொல்லத் தொடங்கினாள். மனைவிக்கு அன்று கம்பெனி லீவு, வீட்டில் இருந்தாள். நான் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ம்மா, இன்னிக்கு முட்டை எங்க வரிசைக்கு வர்றப்போ தீந்துபோச்சி. எல்லாரும் ஆயா எனக்கு, ஆயா எனக்குன்னு ஒரே கத்து. ஆயா உள்ள போயி இன்னும் கொஞ்சம் எடுத்தாந்தாங்க. கத்துனவங்களுக்கெல்லாம் குடுத்தாங்க. நான் கத்தல. கைய மடில வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன். டீச்சர் பாத்துட்டு, 'பாருங்க, புதுப் பொண்ணு எவ்ளோ அமைதியா கீது, எல்லாரும் இப்டி இருக்கணும்'னு சொன்னாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க."

"முட்டை?" என்று நான் கேட்டேன்.

"முட்டை இல்ல நைனா. ஆனா டீச்சர் பாத்தாங்க."

மனைவி அவளைப் பக்கத்தில் இழுத்து, கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "குந்திக்கினு இல்ல கண்ணு. உட்கார்ந்துகிட்டு" என்றாள். கம்பெனியிலிருந்து வரும்போது ஒரு நாளும் பார்க்காத பெருமை அந்த முகத்தில் இருந்தது.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். சாயங்கால நேரம், கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவரவர் எட்டி எட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் என்னை இரண்டு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு வேறு ஆளுக்குப் பருப்பு கட்டினார்.

"ஒரு முட்டை குடுய்யா!" என்று கத்தினேன்.

கடை அமைதியாகிவிட்டது. கடைக்காரர் திகைத்துப் போய், "இன்னா மேஸ்திரி, ஒரு முட்டைக்கா இந்தக் கத்து கத்துற? வூட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

வீட்டில் நானே வேகவைத்தேன். உரித்து இரண்டாக வெட்டிப் பெண்ணின் தட்டில் வைத்தேன். அவள் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு வேணுமா கண்ணு? வாயத் தொறந்து சொல்லு, வாங்கியாரேன்" என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.